புதுச்சேரியில் கணவன் மனைவி மட்டும் இரண்டு நாள் தங்க ரொமான்டிக்கான ஹோட்டலை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி கேட்டவருக்குக் கல்யாணமாகி ஆறு வருடமாம். குழந்தையை அம்மா வீட்டில் விட்டுவிட்டு இரண்டு இரவு புதுச்சேரி போகிறார்கள். கடல் தெரியும் அறை வேண்டுமா, பால்கனி அவசியமா, பூவெல்லாம் தூவித் தருகிற 'கப்பிள் பேக்கேஜ்' எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

பேக்கேஜ் மட்டும் வேண்டாம். காரணம் கொஞ்சம் நீளம்.

நான் ஊர் ஊராகச் சுற்றி எழுதுகிறவள் இல்லை. திருச்சியில் பள்ளி ஆசிரியை. வாழ்நாளில் ஹோட்டலில் தூங்கிய இரவுகளை விரல் விட்டு எண்ணலாம். அதில் பாதி, கல்யாண வீட்டார் போட்டுக் கொடுத்த அறை; எட்டுப் பேருக்கு ஒரு சோப்பு. 'உனக்கு என்ன தகுதி' என்று கீழே கேட்கப் போகிறவர்கள் இப்போதே கேட்டுவிடலாம். தவறான ஹோட்டலைப் பிடித்து 4,480 ரூபாயைக் கோட்டை விட்டிருக்கிறேன், அதுதான் தகுதி.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம். தேனிலவு கொடைக்கானலுக்குத்தான் போனோம், வேனில், பதினோரு பேர். மாமனார், மாமியார், நாத்தனார், அவர் பிள்ளைகள், ஓர் ஒன்றுவிட்ட சித்தப்பா. கோக்கர்ஸ் வாக்கில் எடுத்த ஒரே ஒரு படத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கிறோம். அதிலும் ஓரத்தில் நாத்தனாரின் கை தெரியும், சுட்ட மக்காச்சோளத்தோடு. அதற்கப்புறம் வெளியூர் என்றால் குலதெய்வம், காதுகுத்து, பெண்ணின் கல்லூரிக் கவுன்சலிங்.

போன ஆவணியில், கல்யாண நாளை ஒட்டி, என் வீட்டுக்காரர் திடீரென்று "பாண்டிச்சேரி போவோமா, ரெண்டு பேர் மட்டும்" என்றார். பையன் பாட்டியோடு இருந்துகொள்கிறேன் என்றான். அவனுக்குச் செல்போனை இரவு பதினொன்றுக்குப் பிடுங்குகிற ஆள் வீட்டில் இல்லை என்கிற சந்தோஷம். திங்கட்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதினேன். பொய் இல்லையே.

அறை போட்டது அவர். வாகன உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். ஒரு நட்டு போல்ட்டைக்கூட மூன்று கடையில் விலை கேட்காமல் வாங்காத மனிதர். இரவு பதினொரு மணிக்கு ஒரு செயலியில், துண்டை மடித்துச் செய்த இரண்டு அன்னப்பறவைகள் மூக்கோடு மூக்கு வைத்து நிற்கும் படத்தைப் பார்த்து, பத்து நிமிடத்தில் பணத்தைக் கட்டிவிட்டார். நாலாயிரம், வரியோடு 4,480. சனி, ஞாயிறு இரண்டு இரவு. கேன்சல் செய்தால் பணம் திரும்ப வராது என்று சின்ன எழுத்தில் போட்டிருந்ததாம். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்திருக்கிறார்.

விழுப்புரம் வழியாகப் பேருந்தில் போய், சனிக்கிழமை மதியம் ஹோட்டல் வரவேற்பில் நின்றோம். இரண்டு ஆதாரையும் வாங்கிப் பார்த்த பையன், என்னை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக் கேட்டான்: "இவங்க உங்களுக்கு என்ன வேணும் சார்?"

அவர் சொன்னார்: "பத்தொன்பது வருஷமா நானும் அதைத்தாம்பா கேட்டுக்கிட்டிருக்கேன். என்ன வேணும்னு இன்னும் சொல்லல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பையனுக்கு வரவில்லை. என் ஆதாரில் அப்பாவின் இனிஷியல் இருக்கிறதே, கணவர் பெயர் இல்லையே, கல்யாணப் பத்திரம் இருக்கிறதா, இல்லையென்றால் குடும்பப் படமாவது இருக்கிறதா என்று கேட்டான். நாற்பத்து மூன்று வயதில், கழுத்தில் தாலிச் செயினோடு, கையில் முறுக்கு டப்பா உள்ள கட்டைப் பையோடு நின்று, செல்போனைத் திறந்து மாமியாரின் எண்பதாவது பிறந்தநாள் படத்தைக் காட்டி நான் இன்னார் மனைவி என்று நிரூபித்தேன்.

இதைக் கொஞ்சம் சொல்லியே தீர வேண்டும். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்பவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

என் பெயருக்கு முன்னால் இருப்பது என் அப்பாவின் முதலெழுத்து. பத்தாம் வகுப்புச் சான்றிதழில், பட்டத்தில், வேலை உத்தரவில், வங்கிக் கணக்கில் எல்லாம் அதுதான். கல்யாணம் ஆனதும் மாற்ற வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மாற்றினால்தான் தொல்லை: கெசட், பிரமாணப் பத்திரம், ஒவ்வொரு மேசையிலும் 'இவரும் அவரும் ஒருவரே' என்று கையெழுத்து. மாற்றாவிட்டால் வேறு தொல்லை. பெண்ணின் கல்லூரிச் சேர்க்கையில் 'அம்மா இனிஷியல் ஏன் வேற' என்றார்கள். கேஸ் இணைப்பு மாற்றப் போனால் கேட்டார்கள். ஒரு நகைக்கடையில் சீட்டு முதிர்ந்த பணத்தை வாங்கப் போனால்கூடக் கேட்டார்கள். என் வீட்டுக்காரருக்கும் அவருடைய அக்காவுக்கும்கூட இனிஷியல் வேறுதான். அவரை யாரும் 'நிஜமாகவே அக்காவா' என்று கேட்டதில்லை. பெண்டாட்டி விஷயத்தில் மட்டும் எல்லாருக்கும் சந்தேகம் வந்துவிடுகிறது. பள்ளியில் வருகைப் பதிவேட்டில் என் பெயரைக் கூப்பிட்டால் அப்பா ஒரு நொடி கூட வந்துவிட்டுப் போவார். அதை ஏன் விட வேண்டும்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கல்யாணமே ஆகாத இரண்டு பேர் ஓர் அறையில் தங்கினாலும் அது குற்றம் இல்லை. கோயம்புத்தூரில் ஒரு விடுதிக்கு அதிகாரிகள் சீல் வைத்த வழக்கில், 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது: வயது வந்த, திருமணமாகாத ஆணும் பெண்ணும் ஹோட்டல் அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் கிடையாது. அடையாள அட்டை கேட்பது சரி, இரண்டு பேரிடமும் கேட்கட்டும். உறவு என்ன என்று துருவுவது வேறு. நீங்கள் ஆறு வருடம் ஆனவர்கள், உங்கள் இனிஷியல் ஒன்றாகவேகூட இருக்கலாம். எதற்கும் அறை போடும் முன் போனில் "இனிஷியல் வேற வேற, பரவாயில்லையா" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பதில் எப்படி வருகிறது என்பதிலேயே ஹோட்டல் எப்படி என்று தெரிந்துவிடும்.

சரி, அறை.

கதவைத் திறந்ததும் அன்னப்பறவைகள் நின்றன. கட்டில் முழுக்க ரோஜா இதழ்கள். நடுவில் ஓர் அரைக் கிலோ கேக், 'ஹேப்பி ஹனிமூன்' என்று எழுதி. இவர் அன்னத்தின் கழுத்தைப் பிடித்துத் தூக்கினார், அது குளிக்கும் துண்டு ஆகிவிட்டது. அறையில் இருந்ததே அந்த இரண்டு துண்டுதான்.

பாத்ரூமுக்குச் சுவர் இல்லை, கண்ணாடி. உள்ளே திரை இருந்தது, ஆனால் இழுக்கிற கயிறு அறுந்து பாதியில் நின்றுவிட்டது. யார் இதை ரொமான்ஸ் என்று கண்டுபிடித்தார்களோ தெரியவில்லை. அவர் குளிக்கும்போது நான் வராந்தாவில் நின்றேன், நான் குளிக்கும்போது அவர் நின்றார். இரண்டாவது முறை அந்தப் பக்கம் வந்த ரூம் பாய், "சாவி தொலைஞ்சிருச்சா சார்" என்று கேட்டுவிட்டுப் போனான்.

ஜன்னல் திரையை விலக்கினால் பின்பக்கக் கட்டடத்தின் சுவர், ஒரு ஜெனரேட்டர், நாலைந்து ஏ.சி. பெட்டிகள். கட்டில் என்பது இரண்டு ஒற்றைக் கட்டில்களை ஒட்டிப் போட்டு மேலே ஒரே விரிப்பு. நடுவில் வாய்க்கால் மாதிரிப் பள்ளம். இதழ்களை ஒதுக்கிவிட்டுப் படுத்தவர் ஐந்தே நிமிடத்தில் துள்ளி எழுந்தார். கேக்குக்கு வந்த எறும்புகள் பூவையும் விட்டுவைக்கவில்லை. இரவு எட்டு மணிக்குக் கீழ்த்தளத்தில் பாட்டு ஆரம்பித்தது. கீழே பார். செயலியில் 'உணவகம்' என்று போட்டிருந்தது.

புதுச்சேரியில் இதை மறக்கக் கூடாது. குடிக்கவென்றே சனி ஞாயிறு வருகிற கூட்டம் பெரிது. குடிப்பவர்களை நான் குறை சொல்லவில்லை, அவர்கள் காசு, அவர்கள் கல்லீரல். ஆனால் பாருக்கு நேர் மேலே படுத்துக்கொண்டு மனைவியிடம் எதைப் பேசினாலும் கத்தித்தான் பேச வேண்டும். போனில் நேராகவே கேளுங்கள்: "கீழ பார் இருக்கா? மாடியில பாட்டு போடுவீங்களா?" தயங்கினால் இருக்கிறது என்று அர்த்தம்.

பத்து மணிக்கு இவர் எழுந்து சட்டையைப் போட்டார். "வா, கடலையாச்சும் பாத்துட்டு வருவோம்." ஹோட்டல் விளம்பரத்தில் 'ஒயிட் டவுன் அருகில்' என்று இருந்தது, அதாவது கடலோரத்துப் பழைய பிரெஞ்சுப் பகுதி. ஆட்டோவில் இருபது நிமிடம். அந்த 'அருகில்' என்ற சொல்லை நம்பவே கூடாது. புதுச்சேரி என்று போட்டு வரும் ஹோட்டல்களில் பல, வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோட்டக்குப்பம் தாண்டி இருக்கும். அது விழுப்புரம் மாவட்டம், தமிழ்நாடு. நல்ல இடங்களும் அங்கே உண்டு. கடற்கரை ரிசார்ட்டில் நீச்சல் குளமும் நாற்காலியும் போதும் என்றால் தாராளமாகப் போங்கள். ஆனால் ஊருக்குள் கைகோத்து நடக்க வேண்டும் என்றால், ஒவ்வொரு தடவையும் ஆட்டோக்காரரோடு பேரம் பேசிவிட்டுத்தான் கையைக் கோக்க முடியும். எனவே ஹோட்டல் பெயரைப் பார்க்காமல் தெருப் பெயரைக் கேட்டு, வரைபடத்தில் வைத்து, ஊருக்குள் காந்தி சிலை இருக்கும் கடற்கரைச் சாலைக்கு நடந்து போக எத்தனை நிமிடம் என்று பாருங்கள். பதினைந்துக்கு மேல் போனால் எனக்கு அது வேண்டாம்.

ஏனென்றால் அந்த ஊரில் காசு கொடுத்து வாங்க முடியாத ஒன்று அந்தச் சாலைதான். மாலை 6 மணிக்கு மேல் வண்டிகளை விடமாட்டார்கள், மறுநாள் காலை 7.30 வரை. எங்கள் ஊரில் சாலையில் நடப்பது என்றால் இவர் முன்னால், நான் பின்னால், நடுவில் ஒரு பைக். அங்கே முதல் தடவையாகச் சாலையின் நடுவில், பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம். ஒரு பக்கம் கருங்கல் குவியலில் கடல் அடித்துக்கொண்டிருந்தது. காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டு வந்தவை என்று இவர் சொன்னார், கடைக்கு வரும் ஒரு லாரி டிரைவர் சொன்னாராம். பழைய கலங்கரை விளக்கத்தடியில் உட்கார்ந்தோம். 1836-இல் முதலில் ஏற்றியது, இப்போது எரிவதில்லை. சுண்டல் வாங்கினோம். கடையை மூத்தவளுக்கா பையனுக்கா என்று பேச ஆரம்பித்து, அதை விட்டுவிட்டு, அவர் ஒன்பதாம் வகுப்பில் வீட்டை விட்டு ஓடி விழுப்புரம் ஜங்ஷன் வரை வந்த கதையைச் சொன்னார். பத்தொன்பது வருடத்தில் அந்தக் கதையை நான் கேட்டதில்லை. மணி பன்னிரண்டு. திரும்பிப் போக ஆட்டோவுக்கு முந்நூறு கேட்டான், கொடுத்தோம்.

காலையில் எழுந்ததும் பெட்டியைக் கட்டச் சொன்னேன். "4,480 போயிடும்" என்றார். போகட்டும் என்றேன். இன்றைக்கும் வாரம் ஒரு முறையாவது அந்தத் தொகை எங்கள் வீட்டில் பெயர் சொல்லி அழைக்கப்படுகிறது.

பலருக்குத் தெரியாத ஒன்று: ஊரின் நடுவே வடக்கு தெற்காகப் பெரிய வாய்க்கால் ஓடுகிறது. அதற்குக் கிழக்கே, கடல் பக்கம், எல்லாரும் மஞ்சள் சுவரின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளும் பிரெஞ்சுப் பகுதி. மேற்கே தமிழர் பகுதி. கிழக்கே வாடகை ஏறி நிற்கும். மேற்கே அதே வயதுள்ள வீடுகள், திண்ணையும் முற்றமுமாக, பாதி வாடகைக்குக் கிடைக்கும். சில வீடுகளில் கீழே தமிழ் வீடு, மாடிக்குப் போனால் பிரெஞ்சு ஜன்னல். வைசியாள் தெரு என்று ஒன்று இருக்கிறது, கால்வே சுப்பராயச் செட்டித் தெரு என்று பலகை இருக்கும். பழைய முகப்புகளை அப்படியே சீர்செய்ததற்காக 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது வாங்கிய தெரு. ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பக்கம் பெட்டியை உருட்டிக்கொண்டு நடந்தோம். அதற்கு அடுத்த தெரு ஒன்றில், ஒரு பழைய வீட்டில் மூன்று அறைகளை மட்டும் வாடகைக்கு விடும் ஓர் அம்மாவிடம் இடம் இருந்தது. சனிக்கிழமை வந்தவர்கள் அப்போதுதான் கிளம்பியிருந்தார்கள்.

இதுவும் கணக்கில் வையுங்கள். ஞாயிறு மதியத்துக்கு மேல் சென்னை, பெங்களூர் கார்கள் எல்லாம் திரும்பிவிடும். உங்களால் முடிந்தால் ஞாயிறு, திங்கள் இரவுகளை எடுங்கள். அதே அறை, குறைந்த வாடகை, காலியான தெரு. அருங்காட்சியகம் திங்களன்று மூடியிருக்கும், அவ்வளவுதான். நீங்கள் அருங்காட்சியகம் பார்க்கவா போகிறீர்கள்?

அந்த வீட்டு அறைக்கு 2,800. டி.வி. இல்லை. மாடிப்படி செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ் அறையைக் கேட்க வேண்டும். பாத்ரூமுக்குக் கதவு இருந்தது, ஆனால் தாழ்ப்பாளைத் தூக்கி, கொஞ்சம் இடது பக்கம் தள்ளி, அப்புறம்தான் போட முடியும். குறையே இல்லாத இடம் என்று நான் சொல்லவில்லை. பெரிய வாய்க்கால் பக்கமிருந்து காற்று வந்தால் வாடை வரும், கொசுவும் வரும்; வாய்க்காலை ஒட்டியே இருக்கும் அறை எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். ஆனால் கட்டில் ஒரே கட்டில், தேக்கு, இரண்டு பேர் படுத்தால் சத்தம் போடாதது. அந்த அம்மா இரண்டு அட்டைகளையும் வாங்கி, நோட்டில் எழுதிக்கொண்டு, "மதியம் மீன் கொழம்பு, சாப்பிடுவீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

சாப்பிட்டுவிட்டு இவர் முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில் ஒரு பாயைப் போட்டுப் படுத்தார். ஒன்றரை மணி நேரம் தூங்கினார். நான் தூணில் சாய்ந்து அன்றைய பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படித்தேன், குறுக்கெழுத்து உட்பட. நாலு மணிக்கு மழை வந்தது. முற்றத்தில் மழை விழுவதைப் பார்த்துக்கொண்டே கண்ணைத் திறந்தவர், "கடைய சாத்தியாச்சா?" என்று கேட்டார். அப்புறம்தான் எங்கே இருக்கிறோம் என்று நினைவு வந்து என்னைப் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை போதும். இது ரொமான்ஸா என்று கேட்டால், நீங்கள் சின்ன வயது, உங்களுக்கு வேறு மாதிரி இருக்கலாம். 'இந்த வயசுல என்ன தேவைக்கு' என்று எழுதப் போகிறவர்களுக்கு மட்டும்: என் மாமியார், எண்பது வயது, நாங்கள் கிளம்பும்போது என் தலையில் ஒரு முழம் மல்லிகை வைத்து அனுப்பினார். அவரிடம் போய்க் கேளுங்கள்.

இப்போது உங்கள் கேள்விகள். கடல் தெரியும் அறை: கடற்கரைச் சாலையிலேயே இருந்தால் நல்லதுதான், ஆனால் அதற்கு எக்கச்சக்கம் கேட்பார்கள். கிழக்குப் பார்த்த அறை என்பதால் ஆறு மணிக்கெல்லாம் வெயில் முகத்தில் அடிக்கும். திரை கனமாக இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட நடையில் கடல் இருந்தால் அந்தக் காசை மிச்சம் பிடிக்கலாம். அரவிந்தர் ஆசிரமத்து விருந்தினர் இல்லங்களில் சில கடலைப் பார்த்தே இருக்கின்றன, சுத்தமாகவும் இருக்கும். ஆனால் மது, புகை கூடாது, இரவு வாசற்கதவைச் சாத்தும் நேரம் உண்டு. நடுராத்திரி நடைக்கு ஒத்துவராது.

பால்கனி: எதைப் பார்த்த பால்கனி என்று கேளுங்கள். ஜன்னலைத் திறந்து அப்படியே ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். கட்டிலையும் கேளுங்கள், ஒரே மெத்தையா ஒட்டிப் போட்டதா என்று. கேட்க வெட்கமாக இருந்தால் அவரைக் கேட்கச் சொல்லுங்கள். பாத்ரூம் சுவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

வாடகையில் 7,500 என்ற கோட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் போனபோது 12% வரி. 2025 செப்டம்பர் 22-லிருந்து நாள் வாடகை 7,500 வரை 5%, அதைத் தாண்டினால் 18%. அதாவது 7,500 ரூபாய் அறை 7,875-இல் முடியும், 7,600 ரூபாய் அறை 8,968 ஆகும். நூறு ரூபாய் வித்தியாசத்துக்கு ஆயிரத்துச் சொச்சம். இந்தக் கணக்கு என் வீட்டுக்காரர் போட்டது. இப்போதெல்லாம் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் பார்க்கிறார்.

பூவும் கேக்கும் வேண்டுமென்றால் நேரு வீதிப் பக்கம் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள், தலையில் வைக்கிற பூவாக. கட்டிலில் எதையும் தூவ விடாதீர்கள்.

எழுதி முடித்ததை அவரிடம் படிக்கக் கொடுத்தேன். எறும்பு எந்த இடத்தில் கடித்தது என்று மட்டும் எழுதக் கூடாது என்றார். எழுதவில்லை.